பரவாயில்லைக்கு எத்தனை புள்ளி?

சட்டமன்றத்தில் பட்ஜெட் வைக்க இருபத்திரண்டு நாள் இருந்தபோது, நிதித்துறைத் துணைச் செயலாளர் ஹெலன் சுகந்தி, வெள்ளிக்கல்மலையில் பஞ்சர் கடை நடத்தும் அழகேசன் என்பவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். வாரம் இரண்டு முறை மலைக்கு வந்து அவருக்கு டயாலிசிஸ் செய்துவிட்டுப் போகும் வண்டியை ஏப்ரல் முதல் நிறுத்திவிட்டால் என்ன செய்வார் என்பது கேள்வி.

"பரவாயில்லைங்க" என்றது குரல். "நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?"

சொன்னது அழகேசன் இல்லை, அழகேசனின் பிரதி. மாநிலத்தில் குடும்ப அட்டையில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் துலா என்ற இயந்திரத்துக்குள் ஒரு பிரதி இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு, பஸ் பாஸ், மின் கட்டணம், பள்ளி வருகைப் பதிவு என்று அரசாங்கத்திடம் இருந்த சகலத்தையும் கொட்டிப் பிசைந்து செய்த பிரதிகள். பேச்சை மட்டும் குறைதீர்க்கும் தொலைபேசி எண்ணில் பதிவாகியிருந்த அழைப்புகளிலிருந்து எடுத்திருந்தார்கள். அதனால் பிரதிகள் அச்சு அசலாக நம் ஜனங்களைப் போலவே பேசின. இருமின, நடுவில் யாரையோ அதட்டின, கரண்ட் போய்விட்டது என்று அலுத்துக்கொண்டன.

பட்ஜெட்டில் எங்கே வெட்டலாம் என்று துலா யோசனை சொல்லும். வெட்டு எதுவானாலும் முதலில் பிரதிகள் மேல் பரீட்சை பார்த்து, வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு புள்ளி கொடுக்கும். அப்புறம் சம்பந்தப்பட்ட துணைச் செயலாளர் குலுக்கலில் வந்த மூன்று பிரதிகளிடமாவது தன் காதால் பேசிக் கேட்க வேண்டும். இந்தக் கடைசி ஷரத்தைச் சட்டத்தில் நுழைத்தவர் யாரோ ஒரு நல்ல மனிதர். அடுத்த தேர்தலிலேயே அவர் தோற்றுப்போனார்.

ஹெலனின் திரையில் விடை வந்தது. நடமாடும் டயாலிசிஸ் வண்டிகள் பதினொன்று. பயனாளிகள் நூற்று எண்பத்தாறு பேர். மிச்சம் ஆறு கோடியே நாற்பது லட்சம். வலி பூஜ்யம். ஏற்கத்தக்கது.

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அன்று காலையில்தான் நகரத்து மேம்பாலங்களின் வண்ண விளக்குகளைப் பாதி நேரம் அணைப்பது பற்றி ஒரு பிரதியிடம் பேசியிருந்தாள். அது ஏழு நிமிடம் கத்தியது. வரி கட்டுகிறவன் இளிச்சவாயனா என்று கேட்டது, உன் பெயர் என்ன, பதவி என்ன என்று மிரட்டியது. அந்த விளக்குகளுக்கு வலி எட்டு என்று துலா போட்டிருந்தது. சிறுநீரகம் போனவருக்குப் பூஜ்யம், சீரியல் பல்புக்கு எட்டு. ஏதோ உறுத்தியது. ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது செலவு இனங்களை முடிக்க வேண்டிய நேரத்தில் உறுத்தல்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பிரிவு அலுவலர் தணிகாசலம் காபி கொண்டுவந்து வைத்தார். முப்பத்துமூன்று வருடம் நிதித்துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். காபி வாங்குவது அவர் வேலை இல்லை. ஆனாலும் பட்ஜெட் மாதத்தில் அவர் தன் கையாலேயே கொண்டுவருவார். ஹெலன் ஒரு வாய் குடித்தாள். பாயசம் மாதிரி இருந்தது. அவளுக்குச் சர்க்கரை ஆகாது.

"ஐயையோ, சர்க்கரை போட்டுட்டானா மேடம்?"

"பரவாயில்ல தணிகாசலம்."

சொல்லிவிட்டு டம்ளரை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள். தள்ளிய கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

"பரவாயில்லன்னீங்க மேடம்."

"உங்களுக்கு என்ன புரிஞ்சுது?"

"வாயில வைக்க முடியலன்னு புரிஞ்சுது. இருங்க, வேற வாங்கியாரேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனார் தணிகாசலம்.

ஹெலன் கோப்பைப் புரட்டி அழகேசனின் தொலைபேசி எண்ணைத் தேடினாள். பிரதி இருக்கும்போது அசல் ஆளைக் கூப்பிடக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. யாருக்கும் அப்படித் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் காற்றடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தலைமைச் செயலகத்திலிருந்து பேசுகிறேன் என்றதும் அதை அணைத்துவிட்டார். எழுந்து நின்றிருப்பார் என்று ஹெலனுக்குத் தோன்றியது. அவள் அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டாள்.

"அதுக்கென்னங்க பண்றது. கவருமெண்டுக்கும் ஆயிரம் செலவு இருக்குமில்லீங்களா. பரவாயில்லீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க சாப்ட்டீங்களா?" என்றார்.

இயந்திரத்தின் வேலையில் குற்றம் சொல்ல முடியாது. ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை.

அப்போது மறுமுனையில் ஏதோ இழுபறி நடந்து, ஒரு பெண்குரல் வந்தது. "யாருங்க அது? நான் அவரு சம்சாரம் பாவாயி. வண்டிய நிறுத்தறீங்களா?"

"இன்னும் முடிவாகலைங்கம்மா. அவர்கிட்ட கேட்டேன், பரவாயில்லைங்கறார்."

"அவரு சொல்லுவாருங்க! அன்னிக்கு ஜாக்கி நழுவி லாரி சக்கரம் கால்மேல விழுந்துது. எலும்பு வெளிய தெரியுது, அப்பவும் பரவாயில்லன்னாரு. எங்கப்பன் அம்பது பவுன் போடறேன்னுட்டு அஞ்சு பவுன் போட்டப்பவும் பரவாயில்லன்னாரு, ஆனா ஆறு மாசம் எங்கப்பன் மூஞ்சியப் பாக்கல. இருவத்திரெண்டு வருசமா இந்தாளு சொல்றத நான்தாங்க ஊருக்கு மொழிபெயர்த்துட்டு இருக்கேன்."

"வண்டி இல்லேன்னா அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம்ல?"

"ஒரு தடவ போனமுங்க. போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். ரத்தத்த மாத்திட்டு வர்றப்ப வளைவுக்கு வளைவு வாந்தி. அடுத்த வாரம் பஸ்சேற மாட்டேன்னுட்டாரு. வண்டி வந்ததாலதான் இப்ப ஆளு இருக்குது." அவள் குரல் தணிந்தது. "கோவிச்சுக்காதீங்க. நிறுத்தாதீங்க. நான் சொல்றதத்தான் எழுதிக்கணும், அவரு சொல்றத இல்ல."

ஹெலன் எழுதிக்கொண்டாள். ஆனால் அதைப் போடுவதற்குத் துலாவில் கட்டம் எதுவும் இருக்கவில்லை.

*

துலாவைப் பராமரிக்கும் பொறியாளர் ஷர்மிளா பானுவுக்கு இருபத்தெட்டு வயது. எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுவாள். அதனால் அவளை அதிகாரிகள் கூட்டங்களுக்கு அழைப்பதில்லை.

"அந்த வார்த்தைக்குப் பூஜ்யம்தான் மேடம். ஆரம்பத்துல அகராதியப் பாத்துப் போட்டோம். பாதகம் இல்லை, கவலை வேண்டாம், போதுமான அளவு நன்று. மூணுமே நல்ல அர்த்தம்தானே?"

"எத்தனை பேர் அப்படிச் சொல்றாங்க?"

ஷர்மிளா தட்டிப் பார்த்தாள். "மொத்தமாப் பாத்தா பத்துக்கு நாலு பேர். மலையிலயும் கடலோரத்துலயும் எட்டு. மாநகராட்சிக்குள்ள ஒண்ணுகூட இல்ல." பிறகு அவள் முகம் மாறியது. "மேடம், இன்னொண்ணு இருக்கு. குறைஞ்ச வலியில நிறைய மிச்சம் பிடிக்கணும்ங்கறதுதான் துலாவுக்கு நாம கொடுத்த வேலை. எங்க வெட்டினா இந்த வார்த்தை வருதோ அங்கயே வெட்டினாப் போதும்னு அது தானாக் கத்துக்கிட்டிருக்கு. மூணு வருஷமா."

ஹெலன் அந்த மூன்று வருடமும் கையெழுத்துப் போட்டிருந்தாள். தண்ணீர் குடித்தாள்.

"அந்த வார்த்தைக்குப் பத்துப் புள்ளி வச்சு ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தார்கள். பட்ஜெட்டில் பதினாலாயிரம் கோடி துண்டு விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாக ஏற்றிப் பார்த்தார்கள். பரவாயில்லைக்கு ஒரு புள்ளி கொடுத்தால் மலைக்கிராமங்களின் பிரசவக் காத்திருப்பு விடுதிகள் பிழைத்தன. இரண்டு கொடுத்தால் பள்ளிக்கூடங்களில் வாரத்தின் மூன்றாவது முட்டை பிழைத்தது. மூன்றுக்குத் தீவுகளுக்கு அரிசி கொண்டுபோகும் படகுகள். டயாலிசிஸ் வண்டிகளுக்கு நாலு வேண்டும்.

தணிகாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தப் பட்டியலைப் படித்தார். "செயலர் மூணுக்கு மேல ஏற மாட்டார் மேடம். அவருகிட்ட இருக்கற காசு அவ்ளோதான்."

"வேற வழியே இல்லையா?"

"ஒரு வழி இருக்கு. அனுமதிச் சீட்டுல ஆட்சேபணை உண்டுன்னு நீங்க எழுதிட்டா, அச்சுக்குப் போறதுக்குள்ள தீராத இனத்துக்குப் போன வருஷத் தொகையே விழும். பழைய விதி. என் சர்வீஸ்ல ஒருதபாதான் பாத்திருக்கேன்."

"எழுதினவர் என்ன ஆனார்?"

"அச்சகத்துக்கு மாத்திட்டாங்க. அங்க காத்து நல்லா வரும் மேடம்."

*

நிதித்துறைச் செயலர் கோதண்டபாணி கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் ஒரு கெட்டவர் இருந்திருந்தால் ஹெலனுக்கு வேலை சுலபமாகியிருக்கும். அவள் சொன்னதை இருபது நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டார். பாவாயி சொன்னதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல வேலை பண்ணியிருக்கீங்கம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். துலா தப்புப் பண்ணல. சத்தம் போடறவன் நாளைக்குத் தெருவுக்கு வருவான். பரவாயில்லைங்கறவன் வர மாட்டான். நாமளும் முப்பது வருஷமா அதைப் பாத்துத்தானே வெட்டிக்கிட்டிருந்தோம்? அது நம்ம கோப்பைப் படிச்சு நம்மகிட்ட கத்துக்கிச்சு."

"அப்ப நாமளும் தப்புதானே சார்."

"தப்புதான். பதினாலாயிரம் கோடிக்கு நான் எங்க போவேன்? சொல்லுங்க. ரெண்டு புள்ளி தர்றேன்."

"ஆறு."

"கத்திரிக்காயா வாங்கறோம்? ரெண்டரை."

"அஞ்சு சார்."

கத்திரிக்காய் பேரம்தான் நடந்தது. ஒரு சொல்லுக்கு எவ்வளவு வலி என்று மாநிலத்தின் இரண்டு பெரிய அதிகாரிகள் பகல் பதினொன்றரை மணிக்கு ஏசி அறையில் உட்கார்ந்து பேரம் பேசினார்கள். ஹெலன் நாலுக்கு இறங்கி அங்கேயே நின்றாள். செயலர் மூன்றுக்கு ஏறி அங்கேயே நின்றார்.

"நாலுக்குக் கீழ போனா வண்டி நின்னுடும் சார். நூத்தி எண்பத்தாறு பேர். பாதிப் பேர் அடிவாரத்துக்குப் போக மாட்டாங்க. போகாதவங்க ஒரு மாசம் தாங்க மாட்டாங்க."

"நாலுக்கு ஏறினா வண்டி மட்டுமா வரும்? அந்தப் புள்ளியில நிக்கற அத்தனையும் சேர்ந்து வரும். நானூறு கோடி. மேம்பால விளக்குல கை வைக்கணும், நகரப் பஸ்ல கை வைக்கணும். அமைச்சர் என்னை விடுவாரா? மூணுல நிறுத்திக்கலாம். வண்டிக்கு டோக்கன் வைக்கறேன். வருஷ நடுவுல பணம் வந்தாப் பாத்துக்கலாம்."

டோக்கன் என்பது ஆயிரம் ரூபாய். ஒரு திட்டத்தைக் கொன்றுவிட்டோம் என்று சொல்லாமலிருக்க, கணக்குத் தலைப்பு மட்டும் உயிரோடிருக்கட்டும் என்று ஆயிரம் ரூபாயைப் போட்டு வைப்பது நிதித்துறையின் நெடுநாள் வழக்கம். பதினொரு வண்டிக்கு அந்த ஆயிரத்தில் ஒரு வேளை டீசல் வரலாம்.

செயலர் அவளைக் கனிவோடு பார்த்தார்.

"நீங்க ஒத்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியும். நேத்தே உங்ககிட்ட கேட்டுட்டேன்."

"என்கிட்டயா? நான் நேத்து உங்களைப் பாக்கவே இல்லையே சார்."

"உங்க பிரதிகிட்ட. உங்களுக்கும் ரேஷன் கார்டு இருக்குல்ல? மூணுல நிறுத்தி வண்டிக்கு டோக்கன் வச்சா என்ன சொல்வீங்கன்னு கேட்டேன். 'பரவாயில்லை சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்'னுச்சு. குரல்கூட உங்க குரல்தான்."

ஹெலனுக்குக் கோபம் வந்தது. ஆனால் தன்னைக் கேட்காமல் தன் பிரதியைக் கேட்டுவிட்டாரே என்பதற்காக இல்லை. பிரதி சரியாகச் சொல்லியிருந்தது. அந்த வாக்கியம், அதே வார்த்தைகளில், 'சார்' வரைக்கும், அவள் தொண்டையில் தயாராக நின்றுகொண்டிருந்தது. இன்னும் அரை நிமிடம் அவர் சும்மா இருந்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அவமானமாக இருந்தது.

அழகேசனுக்காவது போனைப் பிடுங்கிக்கொள்ள ஒரு பாவாயி இருந்தாள். தான் சொல்வதை மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள் என்று ஹெலன் யோசித்துப் பார்த்தாள். காபியளவில் தணிகாசலம் இருக்கிறார். அதற்கு மேல் யாருமில்லை.

செயலர் அனுமதிச் சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். நடமாடும் டயாலிசிஸ், ஒதுக்கீடு ரூபாய் ஆயிரம். கீழே, 'ஆட்சேபணை உண்டு, இல்லை: பொருந்தாததை அடிக்கவும்' என்று அச்சடித்திருந்தது. பதினோரு வருடமாக அவள் அடித்துவந்தது 'உண்டு' என்ற சொல்லைத்தான். கை பழக்கத்தில் அங்கேதான் போயிற்று. பேனா முனை தாளைத் தொட்டு ஒரு புள்ளிகூட வைத்துவிட்டது.

அவள் பேனாவைத் தூக்கி, பக்கத்திலிருந்த 'இல்லை'யை அடித்தாள். சந்தேகம் வேண்டாமென்று இரண்டாவது முறையும் அடித்தாள்.

கோதண்டபாணி சீட்டை வாங்கிப் படித்தார். நெடுநேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் படித்துக்கொண்டேயிருந்தார். "பிரதி இப்படிச் சொல்லலையேம்மா" என்றார் கடைசியில்.

"ஆமா சார்" என்றாள் ஹெலன். "அதுகிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

*

இருபத்திரண்டாம் நாள் பட்ஜெட் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. பரவாயில்லைக்கு மூன்று புள்ளி என்று முடிவாகியிருந்தது. விடுதிகளும் முட்டையும் படகுகளும் பிழைத்தன. தீராத ஆட்சேபணையால் டயாலிசிஸ் வண்டிகளுக்குப் போன வருடத் தொகையே விழுந்திருந்தது. நாலிலிருந்து பத்துக்குள் நின்றிருந்த மற்ற எழுபத்து மூன்று திட்டங்கள் டோக்கனாகிவிட்டன. அவை வேறு துணைச் செயலாளர்களின் மேசையைச் சேர்ந்தவை. அவர்கள் எல்லோரும் 'உண்டு' என்பதைத்தான் அடித்திருந்தார்கள். மேம்பால விளக்குகள் விடிய விடிய எரிய வழி செய்யப்பட்டிருந்தது.

அதற்கு ஆறாம் நாள் ஹெலனுக்கு மாறுதல் ஆணை வந்தது. பழைய அரசிதழ்களைப் பாதுகாக்கும் பிரிவு. அலுவலகம் ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அரசு ஆணை எதுவானாலும் துலாவின் மதிப்பீடு பின்னால் இணைந்து வரும் என்பதால் இதற்கும் ஒரு தாள் இருந்தது. தணிகாசலம் அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். ஹெலனே வாங்கிப் படித்தாள்.

'பிரதியின் மறுமொழி: பரவாயில்லை. வலி: மூன்று. ஏற்கத்தக்கது.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று புள்ளியும் அவளே பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது. போன மாதமாயிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பார்கள்.

மேசையைக் காலி செய்தாள். பதினோரு வருடத்துக்கு ஒரே ஒரு அட்டைப்பெட்டிதான் தேறியது. தணிகாசலம் அதைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். வெயிலில் நின்றபடி பெட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"ரொம்ப வருத்தமா மேடம்?"

"பரவா..." என்று தொடங்கினாள் ஹெலன்.

பிறகு நிறுத்திக்கொண்டாள். தணிகாசலம் காத்திருந்தார்.

"ஆமா தணிகாசலம்" என்றாள். "ரொம்ப வருத்தமா இருக்கு."